பேச்சைத் தொட்டுச் சோறு தின்ற ஊர்

ஒத்தவேலிப்பட்டியில் பேச்சுக்கு ருசி வந்தது ஒரு பங்குனி மாதத்து வியாழக்கிழமை. வெயில் உச்சிக்கு ஏறி எருமைகள் கண்மாய்ச் சேற்றில் இறங்கிவிட்ட நேரத்தில், பைக்கில் மூட்டை கட்டிவந்த ஜவுளிக்காரர் வடக்குத் தெரு வேப்பமரத்தடியில் சேலைகளை விரித்துப்போட்டு, முத்துமாரியைப் பார்த்து, "இந்தக் கலரு ஒனக்குன்னே நெய்ஞ்சது தாயி, வேற ஆருக்கும் எடுக்காது" என்று சொன்னபோதுதான் அது ஆரம்பித்தது. முத்துமாரி காலையில் குடித்த கஞ்சியோடு சரி, வாயில் வேறு ஒன்றுமில்லை. ஆனாலும் நாக்கு நுனியில் கருப்பட்டி கரைந்தது. ஜவுளிக்காரர் விடாமல், "மேலத்தெருவுல வீட்டுக்கு ஒண்ணு எடுத்துட்டாக" என்றார், வாயெல்லாம் உப்புக் கரித்தது. "இந்த டிசைன்ல கடேசி ரெண்டே பீஸுதான் இருக்கு" என்றார், புளியங்காயைக் கடித்த மாதிரி பல் கூசியது. சுற்றி நின்ற பதினோரு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் பதினோரு வாயிலும் அதே கருப்பட்டி, அதே உப்பு, அதே புளி. யாரும் அலறவில்லை, ஓடவில்லை. எட்டுச் சேலை விற்றது, வழக்கத்தைவிட இரண்டு கூடுதல்.

ஊரே பதறிப்போயிருக்கும் என்று நினைப்பீர்கள். அதெல்லாம் இல்லை. கிராம நர்ஸ் வந்து நாலு பேரை நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். காளியம்மன் கோயில் பூசாரி சந்நிதியில் பூ வைத்துக் கேட்டார். வலது பக்கமும் விழவில்லை, இடது பக்கமும் விழவில்லை, பூ வைத்த இடத்திலேயே இருந்தது, அதனால் அம்மனுக்கு இந்த விஷயத்தில் அபிப்பிராயம் ஒன்றுமில்லை என்று முடிவானது. பஞ்சாயத்துத் தலைவர், தெருவிளக்கு எரியவில்லை என்றால் மனு எழுதலாம், வாய் இனிக்கிறது என்று எந்த ஆபீஸில் போய் எழுதிக் கொடுக்க என்று கேட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார். குழாயில் தண்ணீர் வருகிற நேரம் மாறிப்போனால் எப்படிப் பழகிக்கொள்வார்களோ, அப்படி ரெண்டே வாரத்தில் பழகிக்கொண்டார்கள்.

பால்வாடி டீச்சர் குருவுத்தாய்க்கு மட்டும் பழகவே இல்லை. அவள் சுபாவம் அப்படி; கோழி ஏன் ஒவ்வொரு வாய்த் தண்ணீருக்கும் அண்ணாந்து பார்க்கிறது என்று கேட்டுக் கேட்டுச் சின்ன வயசில் அடி வாங்கியவள், முப்பத்தெட்டு வயசிலும் அந்தக் கேள்வியை விட்டபாடில்லை. பழைய வருகைப் பதிவேடு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதாத தாள்கள் கிடந்தன, அதில் எந்தப் பேச்சுக்கு எந்த ருசி என்று எழுத ஆரம்பித்தாள். பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில், பால்வாடியில் சமைக்கிற சண்முகக்கனியை உட்காரவைத்துச் சோதனை நடக்கும். "கனியக்கா, ஒங்க கைப்பக்குவம் இந்த ஒன்றியத்துலயே ஆருக்கும் வராது" என்பாள், கனியக்கா வெட்கத்தோடு கருப்பட்டியை விழுங்குவாள். "கலெக்டரே சொல்லிட்டாரு" என்று எதைச் சொன்னாலும் கொட்டைப்பாக்கு மென்றது போலத் துவர்த்தது. "நானும் ஒங்களாட்டம் ஒழுகுற வீட்டுல பொறந்து வளந்தவதேன்" என்றால் பழைய சோற்று நீச்சத் தண்ணியும் சின்ன வெங்காயமும் மணந்தன. பக்கத்து ஊர்க்காரர்களைத் திருட்டுப்பயல்கள் என்றால் பாகற்காய்க் கசப்பு. அந்தக் கசப்புக்கு மட்டும், ஒருமுறை கேட்டவர்கள் இன்னொரு முறை கேட்கவேண்டும் என்று வந்து நின்றார்கள், இதைக் குருவுத்தாய் அடிக்கோடு போட்டு எழுதிவைத்தாள்.

"அப்ப ருசி வந்தா பொய்யின்னு அர்த்தமா டீச்சர்?" என்று கனியக்கா ஒருநாள் கேட்டாள்.

குருவுத்தாய்க்கும் அதுதான் சந்தேகம். பால்வாடி கேஸ் அடுப்பின் டியூப் வெடிப்பு விட்டு மூன்று மாசமாக இருந்தது, அது எல்லாருக்கும் தெரிந்த உண்மை. அதைக் காட்டி, "இத மாத்தலைன்னா ஒருநாளு குப்புன்னு புடிச்சி நாம எல்லாம் கரிக்கட்டைதேன்" என்றாள். ரெண்டு பேருக்கும் பச்சை மிளகாயைக் கடித்த மாதிரி கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கனியக்கா அன்றைக்கே போய் டியூபை மாற்றச் சொல்லிவிட்டு வந்தாள், ஆனால் குருவுத்தாய் யோசனையாகவே உட்கார்ந்திருந்தாள்.

"பொய்க்கு இல்லக்கா," என்றாள் கடைசியில். "இழுக்கிறதுக்கு. நம்மள ஒரு பக்கமாப் புடிச்சு இழுத்தா ருசி வருது. உண்மையச் சொல்லி இழுத்தாலும் வரத்தேன் செய்யுது. மணி பத்தாச்சுன்னு சும்மா சொல்லிப் பாருங்க, ஒண்ணும் வராது."

கனியக்கா மணி பத்தாச்சு என்று சொல்லிப் பார்த்தாள். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

ஊர் இவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. இனி நம்மளை ஒருத்தனும் ஏமாற்ற முடியாது, நாக்கிலேயே மீட்டர் மாட்டிவைத்திருக்கிறோம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். உப்புக் கரித்தால் 'எல்லாரும் வாங்கிட்டாங்க'ன்னு தள்ளிவிடப் பார்க்கிறான், புளித்தால் அவசரப்படுத்துகிறான், இனித்தால் தலையில் ஐஸ் வைக்கிறான், சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தச் சித்திரை மாதத்தில் ஒத்தவேலிப்பட்டி வாங்கின குக்கரும் போர்வையும் ஃபேனும் அதற்கு முந்தின மூன்று வருஷத்தில் வாங்கவில்லை. லட்டு இனிக்கும் என்று தெரிந்தவன் லட்டைக் கீழேயா வைக்கிறான்? அந்தக் கணக்குத்தான்.

சோற்றைக் கண்டுபிடித்தது ராஜாமணி. தீப்பெட்டி ஆபீஸில் வாட்ச்மேன், கல்யாணம் ஆகாதவன், சோம்பேறி என்றால் அவனே கோபித்துக்கொள்ளமாட்டான். ஒரு மத்தியானம் சோறு வடித்துவிட்டுக் குழம்பு வைக்கச் சலிப்பாக இருந்ததால், வெறுஞ்சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்து ஒரு தேர்தல் ஜீப் வந்து நின்று, மைக்கில் ஒருவர் பேச ஆரம்பித்தார். எதிர்க்கட்சிக்காரனைத் திட்டினார், கசந்தது, ராஜாமணி ஒரு வாய் பிசைந்து போட்டான். அவன் வந்தால் உங்கள் நிலம் போய்விடும் என்றார், சுள்ளென்று உறைத்தது, இன்னொரு வாய். பெற்ற தாயே, பொன்னான மண்ணே என்றார், பாயசம் மாதிரி இறங்கியது. தட்டு காலியாகியும் பேச்சு மிச்சம் இருந்தது. மறுநாள் பத்துப் பேர் தட்டோடு வந்தார்கள், அடுத்த வாரம் ஊரே வந்தது.

பெண்களைக் குற்றம் சொல்லாதீர்கள். விடிகாலையில் எழுந்து, நூறுநாள் வேலைக்கோ தீப்பெட்டி ஆபீஸுக்கோ போய், குனிந்த முதுகு நிமிராமல் வீட்டுக்கு வந்து, மிளகாயும் மல்லியும் அரைத்துப் புளி கரைத்து ஒரு குழம்பு வைப்பதற்குள் உயிர் போய்விடும். அந்த வேலை ஒன்று ஒழிந்தது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ரேஷன் அரிசியை வடித்தால் போதும், தொட்டுக்கொள்ளப் பேச்சு பஸ் ஸ்டாப்பை ஒட்டின மந்தைத் திடலுக்கே வந்தது. அம்மிகள் காய்ந்தன, குருவுத்தாய் வீட்டு அம்மியும் சேர்த்துத்தான். வரிசை வரிசையாகத் தட்டோடு உட்கார்ந்திருக்கிற கூட்டத்தைப் பார்த்து எந்தக் கட்சிக்காரருக்குத்தான் ஆசை வராது, மத்தியானம் ஒரு மணிக்கு இந்தக் கட்சி, ஒன்றரைக்கு அந்தக் கட்சி என்று நேரம் பிரித்துக்கொண்டார்கள். "நம்ம ஆளு பேச்சுல உப்பு கம்மி," "புதுசா வந்திருக்கானே, அவன் கொஞ்சம் காரத்தக் கொறைச்சா வயித்துக்கு ஒத்துக்கும்" என்று சனங்கள் பேசிக்கொண்டு எழுந்துபோனார்கள். கல்யாணப் பந்தியில் இலைக்கு இலை அப்பளம் வைக்கிற ஆளுக்குப் பதில், பந்தியின் நாலு மூலையிலும் நாலு பேச்சாளர்கள் நின்றார்கள். கீழத்தெருக் கல்யாணத்தில் இனிப்புக்கு நிறுத்தின ஆள் தொண்டை கட்டிப்போய்ப் பந்தி பாதியில் நின்றதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

தேர்தல் முடிந்தது. என்ன செய்யப்போகிறோம் என்று ஊர் கலங்கி நிற்கும்போதுதான் பிரேம்குமார் வேனில் வந்தான். மல்லன் சத்துமாவு விற்கிறவன், டப்பாவில் மீசை முறுக்கின பயில்வான் ஒருவன் ஒரு கையில் குழந்தையையும் ஒரு கையில் கதாயுதத்தையும் தூக்கிப்பிடித்திருப்பான். பிரேம்குமாருக்கு இருபத்தெட்டு வயசு, வெள்ளைச் சட்டை, நல்ல குரல். இவ்வளவு பேர் தட்டோடு தன்னைக் கேட்கிற ஊரை அவன் எங்கேயும் பார்த்ததில்லை, அந்தச் சந்தோஷத்திலேயே அவன் பேச்சு பக்குவப்பட்டது. விருந்து மாதிரி முதலில் இனிப்பை வைத்தான், "உலகத்துலேயே ஒசந்த சாமி ஒத்தவேலிப்பட்டித் தாய்மாருங்க" என்று. நாலு மாவட்டத்தில் மல்லன் இல்லாத வீடே இல்லை என்று உப்புப் போட்டான். பெரிய டாக்டர்மார் தங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இதைத்தான் கரைக்கிறார்கள் என்று துவர்ப்பு வைத்தான். "பக்கத்து வீட்டுப் பிள்ள நெடுநெடுன்னு வளந்து நிக்கும், ஒங்க பிள்ள அத அண்ணாந்து பாக்கும், அப்பப் பெத்த வயிறு என்னா பாடுபடும்?" என்று சுருக்கென்று ஒரு காரம். வண்டியில் இன்னும் இருபது டப்பாதான் என்று புளியைக் கரைத்து முடிப்பான். அவனும் பத்தாம் வகுப்பு பெயிலான ஏழை வீட்டுப் பையன்தான் என்று இடையில் சொல்லும்போது எல்லாருக்கும் நீச்சத் தண்ணி குடித்த மாதிரி வயிறு குளிர்ந்துபோகும். வாரத்தில் ஐந்து நாள் வந்தான். அவன் வராமல் போய்விடக்கூடாதே என்பதற்காகவே வீட்டுக்கு ஒரு டப்பா வாங்கினார்கள், பிள்ளைகளுக்கு ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள்.

பால்வாடிச் சாம்பார் சோறு அப்படியே மிஞ்சியது. பன்னிரண்டரை மணி ஆனால் தாய்மார்கள் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மந்தைக்குப் போனார்கள். தூக்கிப்போகாத பிள்ளைகளும் ஒரு வாய் வைத்துவிட்டு, சப்பென்று இருக்கிறது என்று துப்பின. அவித்த முட்டையை உருட்டி விளையாடின.

மாசத்தின் முதல் வாரத்தில் குருவுத்தாய் உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டு, துணித் தொட்டிலில் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து எடை பார்ப்பாள். முத்துமாரியின் மகள் நிவிதாவுக்கு மூன்று வயசு, பங்குனியில் பன்னிரண்டரை கிலோ இருந்தவள். தொட்டிலில் உட்காரவைத்தால் காலை உதைத்து ஊஞ்சல் ஆட்டுவாள், முள் நிற்காது, "அடியே, ரெண்டு நிமிசம் சாமி மாதிரி இரு" என்று கெஞ்சவேண்டும். வைகாசியில் பதினொன்றே முக்கால். ஆனியில் பதினொன்று. வளர்ச்சி அட்டையில் பச்சைக் கோட்டைத் தாண்டி மஞ்சளில் குருவுத்தாய் புள்ளி வைத்தாள். ஒன்பதரைக்குக் கீழே போனால் சிவப்பு. போன வருஷம் பக்கத்து ஊரில் சிவப்புக்குப் போன ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் காலம் கடந்துவிட்டது, அந்தப் பிள்ளையின் அட்டையைக் குருவுத்தாய் பார்த்திருக்கிறாள்.

நிவிதா மட்டுமில்லை, பதினேழு பிள்ளைகளில் பதினாலு பிள்ளைகளின் முள் இறங்கியிருந்தது. பெரியவர்களுக்கே வரப்பில் நடந்தால் கிறுகிறுத்தது, வெயில் என்று சொல்லிக்கொண்டார்கள். குருவுத்தாய் அட்டைகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், பிள்ளை எடை குறைந்திருக்கிறது, பருப்புப் போடுங்கள், கீரை போடுங்கள், ஒரு முட்டை கொடுங்கள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஒரு ருசியும் இல்லை. "டீச்சர் பேச்சு வடிச்ச கஞ்சியாட்டம் இருக்கு" என்றார்கள். முத்துமாரி கொஞ்சம் மரியாதையாக, "நீங்க நல்லவுக டீச்சர், ஆனா காதுல நிக்க மாட்டேங்குதே" என்றாள்.

அன்று மத்தியானம் குருவுத்தாய் தன் பதிவேட்டைத் திறந்து முதலிலிருந்து வாசித்தாள். எதைச் சொன்னால் எது வரும் என்பது இந்த ஊரில் அவளைவிட யாருக்குத் தெரியும்? உண்மையைச் சொல்லித்தானே இழுக்கப்போகிறோம், ஒரு பிள்ளையைக் காப்பாற்றத்தானே, இதில் என்ன பாவம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அந்தச் சமாதானம்கூட லேசாக இனித்தது, அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி எழுந்துபோனாள். பிரேம்குமார் வராத ஒரு நாளில் மந்தையில் நின்று, "பக்கத்து ஊருல ஒரு பிள்ள இப்பிடித்தேன் எளைச்சுக்கிட்டே போச்சு. ஒருநாளு காலையில எழுப்பினாக, எந்திரிக்கல. நாளைக்கு ஒங்க தொட்டில்ல கையவிட்டுப் பாத்து, சில்லுன்னு இருந்தா ஆரக் கூப்புடுவீக?" என்றாள். மந்தைக்கே சுர்ரென்று உறைத்தது. பெண்களுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிந்தது, ஆண்கள் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று குருவுத்தாய் நினைத்தாள்.

நாலு பெண்கள் எழுந்து வீட்டுக்கு ஓடினார்கள். அடுப்புப் பற்றவைக்கப் போகிறார்கள் என்று பார்த்தால், சோற்றுத் தட்டோடு திரும்பி வந்தார்கள்.

"டீச்சர், அந்தத் தொட்டில்ல கையவிட்டுன்னு சொன்னீகள்ல," என்றான் ராஜாமணி, வாயில் சோற்றோடு, "அத இன்னொருக்க சொல்லுங்க."

அவள் சொன்னாள். அதுதான் அவள் செய்த தப்பு. சொல்லச் சொல்ல இந்த முறை உறைக்கும், இந்த முறையாவது புரியும் என்று காரத்தைக் கூட்டினாள். வெறும் காரம் வேண்டாம் என்று நடுவில் கொஞ்சம் கருப்பட்டி வைத்தாள். மல்லன் மாவைக் கசக்கக் கசக்கத் திட்டினாள். சனங்கள் சப்புக்கொட்டி அதையும் தொட்டுக்கொண்டு, மறுநாள் பிரேம்குமாரின் இனிப்பையும் தொட்டுக்கொண்டார்கள். பிரேம்குமாரே ஒருநாள் வந்து, "அக்கா, ஒங்க காரத்துக்கு அப்புறம் என் பேச்சு இன்னும் நல்லா எடுபடுதுக்கா" என்று மனசாரச் சொன்னான். முத்துமாரி, நம்ம டீச்சர் பேசுகிறார் என்ற பெருமையில், நிவிதாவை முதல் வரிசையில் உட்காரவைத்து ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வாய் வெறுஞ்சோற்றை ஊட்டினாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், தனக்காக அவ்வளவு பேர் காத்திருப்பது குருவுத்தாய்க்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஆடி முதல் வாரம் முத்துமாரி நிவிதாவைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்க வந்தாள். தொட்டிலில் உட்காரவைத்தார்கள். நிவிதா காலை உதைக்கவில்லை. துணியில் சாய்ந்து, அப்படியே கண்ணை மூடித் தூங்கிவிட்டாள். முள் ஆடாமல் அசையாமல் முதல் தடவையிலேயே நின்றது, ஒன்பதே முக்கால்.

குருவுத்தாயின் நாக்கில் தயாராக இருந்த காரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. தூங்குகிற பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தாள், அந்தக் கால் தன் கையை எத்தனை தடவை உதைத்திருக்கிறது என்று நினைத்தாள், அப்புறம் எதையும் நினைக்காமல் வாய்க்கு வந்ததைக் கேட்டாள்.

"முத்துமாரி, இவ கடேசியா எப்ப ஓடுனா?"

அதற்குப் பதில் குருவுத்தாய்க்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். முத்துமாரி வாயைத் திறந்தாள், நேற்று என்று சொல்ல வந்தாள், இல்லை, முந்தாநாள், இல்லை, காளியம்மனுக்குப் பொங்கல் வைத்த அன்றைக்கா, அது வைகாசியாச்சே என்று யோசித்துக்கொண்டே போனாள்; போகப் போக அவள் வயிறு இரண்டு பேருக்கும் கேட்கிற அளவுக்கு இரைந்தது.

"டீச்சர்," என்றாள் முத்துமாரி, "எனக்குப் பசிக்குது. எம்மாடி, இம்புட்டுப் பசி எங்க இருந்துச்சு."

குருவுத்தாய்க்கும் பசித்தது. அடிவயிற்றிலிருந்து, கண் இருட்டுகிற மாதிரி, மூன்று மாசத்துப் பசி. கேள்விக்கு ருசி உண்டா என்று அவள் பதிவேட்டில் எழுதியே பார்த்ததில்லை. அன்றைக்கே கனியக்காவை உட்காரவைத்துச் சோதித்தாள். "வளர்ச்சி வேணுமா, வேணாமா?" என்று மேடையில் கேட்பார்களே, அதற்கு வெறும் உப்புத்தான் வந்தது, அது பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது. "கனியக்கா, ஒங்களுக்கு மொத மொதல்ல சமைக்கச் சொல்லிக்குடுத்தது ஆரு?" என்று, தெரியாததை, தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாள். கனியக்கா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு எழுந்துபோய், மிஞ்சிக்கிடந்த சாம்பார் சோற்றைச் சட்டியோடு எடுத்துவைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். பதில் சொன்னதெல்லாம் அதற்கப்புறம்தான்.

மறுநாள் மந்தையில் பிரேம்குமார் வேன் நின்றது, தட்டுகள் வரிசையாக இருந்தன. "தம்பி, எனக்கு அஞ்சு நிமிசம் மைக்கக் குடுங்க" என்று குருவுத்தாய் கேட்டாள், காரம் வரப்போகிறது என்று எல்லாரும் சோற்றைப் பிசைந்து தயாரானார்கள். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசைப் பெண்ணிடம், "ஒங்க பேரன் கடேசியா எப்பப் பசிக்குதுன்னு அழுதான்?" என்று கேட்டாள். அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். "ராஜாமணி, ரேஷன் அரிசியத் தூக்குனா மூச்சு வாங்குதுன்னீகளே, எப்பருந்து வாங்குது?" என்றாள். ராஜாமணி பிசைந்த கையோடு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொருவரிடமும் ஒன்று, பதில் தெரியாத ஒன்று, கேட்டுவிட்டு நிஜமாகவே காத்திருந்தாள். வரிசை வரிசையாக வயிறுகள் இரைய ஆரம்பித்தன. வாயில் போட்ட வெறுஞ்சோறு வெறுஞ்சோறாக இருந்தது.

பிரேம்குமார் மைக்கை வாங்கி அவசரமாக இனிப்பை எடுத்தான், "தங்கமான தாய்மார்களே" என்று ஆரம்பித்தான். கருப்பட்டி வரத்தான் செய்தது, ஆனால் காய்ந்த வயிற்றில் அது குமட்டியது, நாலைந்து பேர் தண்ணீரைக் குடித்தார்கள். அப்போதுதான் முத்துமாரி நிவிதாவைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு அவன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. அவன் பேச்சு அவளுக்குப் பிடிக்கும், அவன் நல்ல பையன் என்றே நினைத்திருந்தாள்.

"தம்பி," என்றாள், "ஒங்களுக்குப் பிள்ள இருக்கா?"

"ஒரு மகன் இருக்கான்க்கா. ரெண்டு வயசு."

"அவனுக்கு மத்தியானம் என்ன குடுக்குறீக?"

பிரேம்குமார் சிரித்தான். மல்லன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான், நாலு மாவட்டத்திலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். ஆனால் முத்துமாரி மடக்குவதற்காகக் கேட்கவில்லை, தன் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் கேட்டாள், அது அவன் வயிற்றில் போய்ப் பிடித்தது. வெள்ளைச் சட்டைக்குள் அவன் வயிறு இரைந்தது மைக்கில் கேட்டது.

"பருப்புச் சோறுக்கா," என்றான் மெதுவாக. "ஒரு முட்டை. எங்கம்மா ஊட்டுவாங்க."

அதில் ருசியே இல்லை. அவன் ஒத்தவேலிப்பட்டியில் பேசின பேச்சிலேயே தண்ணீர் மாதிரி இறங்கியது அது ஒன்றுதான். யாரும் அவனைத் திட்டவில்லை. அவன் மைக்கை வேனுக்குள் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டான், சனங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வீட்டைப் பார்த்து நடந்தார்கள்.

முத்துமாரி வீட்டில் ரேஷன் துவரம்பருப்பு மூன்று மாசமாகப் பிரிக்காமல் கிடந்தது, வண்டு விழுந்திருந்தது. புடைத்து, பொறுக்கி, நாலு தரம் கழுவி அடுப்பில் போட்டாள், பூண்டு தட்டிப் போட்டாள், மஞ்சள் போட்டாள். குருவுத்தாய் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். நல்லாச் செஞ்ச தாயி என்று சொல்ல நாக்கு துடித்தது, அது கருப்பட்டி. தினமும் கொடு, இல்லையென்றால் என்று ஆரம்பிக்க வந்தது, அது மிளகாய். ரெண்டையும் விழுங்கிக்கொண்டு பேசாமல் இருந்தாள், அவள் வாழ்நாளில் அதைவிடக் கஷ்டமான வேலை செய்ததில்லை. பருப்பு வெந்து மசிந்ததும் முத்துமாரி சோற்றில் போட்டுக் குழையப் பிசைந்து, நிவிதாவை மடியில் கிடத்தி முதல் வாயை ஊட்டினாள். நிவிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாவது வாயை நாக்கால் வெளியே தள்ளினாள். பேச்சு இல்லாமல் தின்று அவளுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

முத்துமாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "டீச்சர், ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர். ராசாத்தி, தங்கம்னு எதாவது. அதத் தொட்டு ஒரு வாய் எறக்கிருவா."

ஒரு வார்த்தைதான். சொன்னால் இறங்கும், இந்த வாய் இறங்கும், நாளைக்கும் ஒரு வார்த்தை வேண்டும், நாளை மறுநாள் இரண்டு. குருவுத்தாய் குனிந்து சட்டியைப் பார்த்தாள். ஆவி முகத்தில் அடித்தது. அவளும்தான் பருப்பைத் தின்று எத்தனை நாளாச்சு, அது எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது, யோசித்து யோசித்துப் பார்த்தும் நினைவுக்கு வரவில்லை, அதனால் பிள்ளையிடமே கேட்டாள்.

"நிவிதா, இது என்ன ருசி?"

பிள்ளை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. வாயோரத்தில் ஒட்டியிருந்ததை நாக்கால் நக்கிப் பார்த்தது. முத்துமாரி மூன்றாவது வாயைக் கிட்டே கொண்டுபோனாள், நிவிதா வாங்கிக்கொண்டு, மென்று, விழுங்கி, நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"தெரியல," என்றாள். "இன்னொரு வாய் குடு."